கட்டளையும் காரியமும்

கொட்டகலைச் சுற்றாடலிலுள்ள தோட்டங்களிற் பகலிலே கொய்யப்படும் கொழுந்து, இரவிலே தொழிற்சாலையின் மேல்மாடியில் வாடுகின்றது. கம்பிவலை விரித்த நீண்ட தொட்டிகளிற் பரப்பப்பட்டு, விசிறி செலுத்தும் காற்றால் அது பதப்படுகின்றது. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்கு அல்லது அதற்கு மேலானது நீரே. அதில் ஒரு பகுதியை ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரத்தில் அகற்றுவதே வாட்டுதல் எனப்படும். மூடுபனி இறங்கிக் காற்று ஈரமாகும் இரவுகளிற் சிறிது வெப்பக் காற்றையும் கலக்க வேண்டும். வாட்டம் குறைந்தாலும் மிகுந்தாலும் தேயிலையின் தரம் கெடும். கெட்டவிடத்துக் காலையில் எழும் கேள்வி, இரவு வேலை பார்த்த தொழிலாளியையே முதலில் நாடும்.

இந்த வேலையைக் கைத்தொலைபேசியால் நடத்துவது இன்று அரிதன்று. 2014ஆம் ஆண்டளவிற் பரவத் தொடங்கிய ஈஎஸ்பி 8266 என்னும் மலிவான சில்லு, தானே ஒரு வலைப்பக்கத்தை வழங்கவும் அதன்வழி விசிறியை இயக்கவும் வல்லது. லயத்திற் பிறந்து பல்கலைக்கழகம் புகுந்த ஓர் இளைஞன், விடுமுறையில் ஒரு சிறு மாதிரித் தொட்டியை அமைத்து, விசிறியையும் வெப்பச் சுருளையும் அத்தகைய பக்கமொன்றுடன் இணைக்கிறான் எனக் கொள்ளலாம். அவன் எதிர்கொள்ளக்கூடிய பிழைகள் மூன்று சிந்தனைக்குரியன.

முதலாவது, ஓசையற்ற பிழை. பெட்டியில் 20 பாகை என எழுதினால், அதனுடன் 5 கூட்டி, 25 பாகையில் வெப்பம் நிற்க வேண்டுமென்பது அவன் கருத்து. ஆயின் 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் மொழி, பெட்டியிலிருந்து வருவதை எண்ணாகவன்றி எழுத்தாகவே கொள்ளும். எழுத்தோடு எண்ணைக் கூட்டினால் இரண்டையும் ஒட்டிவைக்கும். எனவே சில்லுக்குச் செல்லும் கட்டளை 205. நீர் கொதிக்கும் நிலையினும் இருமடங்குக்கு மேற்பட்ட அவ்வெப்பத்தை நோக்கிச் சுருள் ஓயாது எரியும். பிழையென்று ஒரு சொல்லும் திரையில் தோன்றாது.

இரண்டாவது, நடுவழியில் நிற்கும் பிழை. ஒரு பொத்தானின் பெயரில் ஓர் எழுத்துத் தவறினால், நிரல் அவ்வரியிலேயே நின்றுவிடும். அதற்கு முன் எழுதப்பட்ட 'தொடங்கு' என்னும் பொத்தான் இயங்கும். பின் எழுதப்பட்ட 'நிறுத்து' இயங்காது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். உலாவியின் பிழைப்பட்டியலைத் திறந்து முதற் பிழையைப் படித்தாலன்றி உண்மை புலப்படாது. பின்வரும் பிழைகள் பெரும்பாலும் அம்முதற் பிழையின் பிள்ளைகளே.

மூன்றாவதே மிகக் கொடியது. பொத்தானை அழுத்தியவுடன் 'விசிறி ஓடுகிறது' எனப் பக்கம் அறிவிக்கின்றது. உண்மையில் விசிறி சுழன்றதா என அது கேட்கவேயில்லை. கட்டளை புறப்பட்டதையே காரியம் முடிந்ததாகக் கொள்கின்றது. இத்தகைய மயக்கம் உலகையே உலுக்கியதுண்டு. 1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு மூடாது சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டறை விளக்கு, மூடுமாறு கட்டளை சென்றதை மட்டும் காட்டியது. இயக்குநர்களோ வால்வு மூடிவிட்டதென நம்பினர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்நீர் வெளியேறியது. உலையின் கருப்பகுதி ஓரளவு உருகிச் சிதைந்தது.

அதனை விசாரித்த ஆணைக்குழுவின் தலைவர் ஜோன் கெமனி. அறிவியல் கல்லாத மாணவரும் கணினியை ஆள வேண்டுமென்னும் நோக்குடன், 1964இல் தோமஸ் கேர்ட்சுடன் சேர்ந்து பேசிக் மொழியை ஆக்கியவர் அவரே. இயக்குநர்களின் தவறுகளை ஆணைக்குழு மறைக்கவில்லை. எனினும் அவர்களுக்களித்த பயிற்சியும், வகுத்த விதிமுறைகளும், அமைத்த கட்டுப்பாட்டறையும் குறையுடையன என்பதை எடுத்துரைத்தது. பழி, பொறியருகே நின்ற மனிதரோடு முடிந்துவிடவில்லை.

மலையகத்திற்கு இதன் பொருள் யாது? கட்டளை ஓரிடத்திலும் உழைப்பு வேறோரிடத்திலும் இருக்கும் தோட்ட வாழ்வில், காரியம் பிழைத்தால் பழி கையைச் சேர்வதே எளிது. கட்டளையை ஆராய்வார் சிலரே. வலைப்பக்கத்திற் பிழை தேடுவதென்பது அவ்வாராய்ச்சியே. முதலில் மின்னிணைப்பு, பின்னர் சில்லு, அதன்பின் வலையமைப்பு, ஈற்றில் நிரல் என்று வரிசையாக நோக்கினால், எந்தக் கண்ணி அறுந்ததெனத் தெளியலாம்.

திருத்தமும் கடினமன்று. எழுத்தை எண்ணாக மாற்றிய பின்னரே கூட்ட வேண்டும்; வெப்பத்தின் மேல்வரம்பைச் சில்லிலேயே பதிக்க வேண்டும்; வெப்பத்தைத் துண்டிக்கத் தனி ஆளியும் வேண்டும். விசிறியின் சுழற்சியை உணரியால் அறிந்த பின்பே பக்கம் 'ஓடுகிறது' எனச் சொல்லலாம். அச்சொல்லும், பிழையறிவிப்பும், இரவில் அதைப் படிப்பவரின் தமிழிலேயே அமைதல் வேண்டும். கட்டளை சென்ற நேரமும் விடை வந்த நேரமும் அருகருகே பதிவாகுமானால், காலை விசாரணையில் அத்தொழிலாளிக்கு ஒரு சாட்சியேனும் இருக்கும்.