முகிலுக்குள் ஒரு பாடம்

மயிலிட்டியிற் பிறந்தோர்க்கு இரண்டு ஓசைகள் பிள்ளைப் பருவந்தொட்டே பழக்கமானவை. ஒன்று கடலின் இரைச்சல். மற்றையது அயலிலுள்ள பலாலியில் ஏறியிறங்கும் ஆகாய விமானங்களின் முழக்கம். போரின் காரணமாக 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாம் ஊரைப் பிரிந்தபோது எமக்கு வயது பதினொன்று. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆந் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய நிலமும் மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலே எமது காணியும் கிடைத்தது. ஆயினும் அங்கே வீடு கட்டும் துணிவு எமக்கு வரவில்லை. இன்னொரு முறை விட்டோட நேர்ந்தால் என் செய்வது என்ற எண்ணம் நெஞ்சைப் பற்றிக்கொண்டிருந்தது. எண்பதை எட்டிய அன்னையாரோ, "தம்பி, கிணறு இறைச்சாச்சோ?" என்று வாரந்தோறும் வினவுவார். நாமும் வாரந்தோறும் ஏதேனுமொரு சாட்டுச் சொல்லுவோம்.

இந்நிலையிலே சென்ற ஆண்டு எமது பாலிய நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தார். எம் வீட்டிற்கு நான்கு வேலி தள்ளியிருந்த கத்தோலிக்கக் குடும்பத்தவர். அகதி முகாமில் எம்மோடு ஒரே பாயிற் படுத்துறங்கியவர். பின்னர்க் கடல் கடந்து சென்று விமானியாகிப் பல்லாண்டு பறந்தவர். ஒரு மாலைப் பொழுதில் இருவரும் துறைமுகத்து அணையில் அமர்ந்து அளவளாவினோம்.

பேச்சு இயல்பாகவே பலாலியைப் பற்றித் திரும்பிற்று. எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, இங்கே தரித்துச் சென்னைக்குச் சென்றது 1947-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆந் திகதி என்று நாம் கூறினோம். நண்பர் முகம் மலர்ந்தது. "அது லொறேற்றோ மாதாவின் திருநாள் அல்லவா!" என்றார். நாசரேத்தில் மரியன்னை வாழ்ந்த வீட்டைத் தேவதூதர்கள் வான்வழியே சுமந்து சென்று இத்தாலி நாட்டு லொறேற்றோவில் வைத்தனர் என்பது மரபுக் கதை. அதனை யொட்டி 1920-ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அம்மாதாவை விமானிகளுக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். "வீடு இழந்த நமக்கும் அவளே பொருத்தமானவள்," என்று நண்பர் நகைத்தார்.

"மேலே பறக்கையில் கடவுளுக்கு அண்மையில் இருப்பதாக உணர்வீரோ?" என்று வினவினோம்.

"உணர்வா? உணர்வை நம்பாதே என்பதுதான் வாத்தியார், முகிலுக்குள் எங்களுக்குக் கிடைக்கும் முதற்பாடம்!"

பயிற்சிக் காலத்திலே முதன்முறை முகிலுக்குள் நுழைந்த கதையை அவர் விரித்துரைத்தார். வானமும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. விமானம் வலப்புறம் சரிகின்றதென்று உடம்பு முழுவதும் ஓலமிட்டது. கருவியோ, நேராகச் செல்கின்றோம் என்று காட்டிற்று. கை தானாகவே இடப்புறம் திருப்ப முனைந்தது. அருகிருந்த ஆசான், "கருவியைப் பார்," என்று மட்டும் சொன்னாராம்.

பௌதிகம் கற்பிக்கும் எமக்கு இதன் காரணம் விளங்கிற்று. உட்காதிலே அரைவட்டக் குழாய்கள் மூன்று உள. அவற்றினுள் இருக்கும் திரவத்தின் அசைவே திருப்பத்தை உணர்த்துவது. நெடுநேரம் சீராகத் திரும்பிக்கொண்டே யிருந்தால் திரவமும் குழாயோடு ஒத்தோடத் தொடங்கும். அப்போது திருப்பமே நேர்வழி போலத் தோன்றும். பின்பு உண்மையாகவே நேராக்கினால், மறுபுறம் சரிவதாக மனம் அஞ்சும். 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தார், கருவி கொண்டு பறக்கும் பயிற்சி யில்லாத இருபது பேரை, வெளிப்புறம் தெரியாதவாறு மறைத்துப் பறக்கச் செய்து ஆராய்ந்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த நேரம் சராசரி 178 வினாடி.

"விசுவாசம் என்று நாங்கள் சொல்வதும் இதுதான்," என்றார் நண்பர். "இராயப்பரும் நம்மைப் போலக் கடற்றொழிலாளிதான். ஆண்டவரை நோக்கி நீர்மேல் நடந்தார். காற்றைப் பார்த்துப் பயந்ததும் அமிழத் தொடங்கினார்."

"கருவியும் பழுதுபடலாமே?" என்று தடுத்தோம்.

"படலாம். ஆதலால் ஒன்றை மட்டும் நம்புவதில்லை. உயரமானி, வேகமானி, திசைகாட்டி, செயற்கை அடிவானம் எல்லாவற்றையும் மாறி மாறிப் பார்ப்போம். ஒன்றுக்கொன்று சான்று சொல்லவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நம்புவது விசுவாசம் அன்று. பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டே நம்புவது."

இச்சொற்கள் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. நாம் சைவர், நண்பரோ கிறிஸ்தவர். அவர் விசுவாசம் என்பதை நாம் சிரத்தை என்போம். பெயர் வேறாயினும், நம்மைத் தொட்ட இடம் ஒன்றே. இருபத்தெட்டு ஆண்டுகள் முகாமிலும் வாடகை வீட்டிலுமாகச் சுழன்றோம். மனத்தின் திரவமும் அச்சுழற்சியோடு ஒத்தோடிப் பழகிவிட்டது. இப்போது சொந்த மண்ணில் நேராக நிற்க முயலும்போது சரிவது போலத் தோன்றுகின்றது. அச்சத்தை அறிவென்று எண்ணியிருந்தோமே!

எம்முன் இருந்த கருவிகள் எவை? தந்தையார் விட்டுச்சென்ற காணி உறுதி; மீண்டும் தோணி இறக்கிய அயலவர்; மணியோசை கேட்கும் கோயிலும் தேவாலயமும்; எந்த முகாமிலும் ஒருநாள் தவறாது மாலை விளக்கேற்றிய அன்னையார். எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டின. பார்க்க மறுத்தது நாமே.

புறப்படுமுன் நண்பர் இன்னுமொன்று கூறினார். பலாலி ஓடுபாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடப்பது. வாடையும் சோளகமும் வீசும் திசையும் அதுவே. "எதிர்க்காற்றை நோக்கியே விமானத்தை எழுப்புவோம். எதிர்க்காற்று இருந்தால் குறைந்த தூரத்திலேயே எழும்பிவிடலாம்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை கிணறு இறைத்தோம். சேறும் கல்லும் செல்ல, மூன்றாம் நாள் ஊற்றுக் கண் திறந்தது. அன்னையார் ஒரு கை நீரள்ளிக் குடித்தார், ஒன்றும் பேசவில்லை. அத்திவாரம் இப்போது முடிந்திருக்கின்றது. நாளை என்ன நேருமோ நாம் அறியோம். அச்சமும் முற்றாக அகலவில்லை. நண்பருக்கும் இன்றுவரை முகிலுக்குள் உடம்பு பொய் சொல்லத்தான் செய்கின்றதாம். அவர் அதனோடு வழக்காடுவதில்லை. கருவியைப் பார்த்துக்கொண்டு பறக்கின்றார். நாமும் அவ்வாறே மாலையில் விளக்கேற்றிவிட்டு, மறுநாட் காலையிற் கல்லடுக்கச் செல்கின்றோம்.