கடனும் உடைமையும்

ஆங்கிலத்தில் ஓ, டபிள்யூ, ஈ என்று மூன்றே எழுத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது. உச்சரித்தால் வெறும் 'ஓ'தான். கடன்பட்டிருப்பது என்று அர்த்தம். முதல் தேதியன்று மளிகைக் கடைப் பையன் வாசலில் வந்து நின்றால் நம் வாயிலிருந்து வருவதும் ஏறக்குறைய அதே சப்தந்தான்!

இதன் பூர்வோத்தரத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆதியில் இதற்குக் கடன் என்ற பொருளே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் 'ஆகன்' என்று வழங்கிய காலத்தில், ஒன்றை உடையவனாக இருப்பது என்பதே பொருள். சம்ஸ்கிருதத்தில் 'ஈச' என்ற சொல்லும் இதே தாதுவிலிருந்து கிளைத்தது என்கிறார்கள் மொழிநூலார். கடன்காரனும் ஈசனும் ஒரே கோத்திரம்!

உடைமை எப்படிக் கடனாயிற்று? 'கொடுப்பதற்கு உடையவனாக இருக்கிறேன்' என்று அந்நாளில் சொல்லும் வழக்கம் உண்டு. நாளடைவில் 'கொடுப்பதற்கு' உதிர்ந்துவிட்டது. அதன் பொருள் மட்டும் வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பழைய பொருள் லேசில் சாகவில்லை. ஷேக்ஸ்பியர் இரண்டு பொருளிலும் எழுதியிருக்கிறார். 1611-ல் அச்சான ஆங்கில பைபிளில், பவுலின் கச்சையை ஒரு தீர்க்கதரிசி கையில் எடுக்கும் இடத்தில், 'கச்சையை உடையவன்' என்பதற்கு இந்த 'ஓ'தான் நின்றது.

பிறகு பாகப்பிரிவினை நடந்தது. உடைமையை 'ஓன்' எடுத்துக்கொண்டது. கடன் 'ஓ'வின் தலையில் விழுந்தது. அதன் இறந்தகால வடிவமாயிருந்த 'ஆட்', 'செய்தாக வேண்டும்' என்ற கடமையைச் சுமந்துகொண்டு தனிக்குடித்தனம் போயிற்று.

தமிழில் கடனும் கடமையும் இன்னும் பிரியவில்லை. புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் அரசனுக்கும் வகுத்துக் கொடுப்பது கடன். வட்டிக்கடைக்காரர் பேரேட்டில் எழுதிக்கொள்வதும் கடன்தான்.

எங்கள் தகப்பனாரும் பிரித்தவரல்ல. நிலப் பத்திரங்களையும் கைமாற்றுக் கணக்கு நோட்டையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு சகோதரர்கள் நால்வரும் உட்கார்ந்து பத்திரங்களைப் பங்கிட்டோம். நோட்டில் கண்ட தொகைகளுக்குப் புரோநோட்டு கிடையாது. கோர்ட்டுக்குப் போனாலும் செல்லாது. அம்மா நோட்டை நடுக்கூடத்தில் வைத்து, "இது யார் பங்கிலேடா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

நால்வருமாக அடைத்தோம். கடைசிப் பெயரை அடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. அது ஒரு வண்டிக்காரருடைய பெயர், பதினேழு ரூபாய். அவரும் போய்விட்டிருந்தார். அவர் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்பா ஒரு நாளும் இதைச் சொன்னதில்லீங்களே" என்று கையை நீட்டாமல் வெகுநேரம் நின்றாள் அந்தப் பெண்.

'கொடுப்பதற்கு உடையவன்' என்ற அந்தப் பழைய பிரயோகம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்து அம்மாவிடம் சொல்லியிருந்தால், "இதுக்கு இங்கிலீஷ் வேறே வேணுமாடா?" என்று கேட்டிருப்பாள்.