சட்டியும் கிடாரும்

சேக்காட்டில் எங்கள் தெரு வழியாகத்தான் சாவு ஊர்வலம் போகும். தெருமுனையில் சட்டிமேளம் கேட்டதுமே அம்மா ஜன்னலைச் சாத்திடுவாங்க. இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் நானும் அதையேதான் செய்தேன். கூடுதலாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெட்டாலிகா.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. நான் போகலை. பிறகொரு நாள் ஆபீஸ் கேபில் உட்கார்ந்து யூடியூபில் பார்த்தேன். கானா, ராப், எலெக்ட்ரிக் கிடார். நடுவில் அதே சட்டி.

இதை 'ஃப்யூஷன்' என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மாதிரி மேடைகளில் நாட்டார் இசை பெரும்பாலும் ஊறுகாய்தான். இங்கே கிடார்தான் சட்டிக்குப் பின்னால் ஓடுகிறது. அடுத்து இடஒதுக்கீடு பற்றிய 'கோட்டா' பாட்டு வந்தது. கேண்டீனில் மெரிட் பேசிய வாய் இது. கேபில் யாரும் என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த ஊர்வலம் வந்தபோது ஜன்னலைத் திறந்தேன்.

"என்னடா?" என்றார் அம்மா.

"சும்மா, கேக்கலாம்னு."

இத்தனை வருஷமாகக் கேட்காத காது, கிடார் வந்து சிபாரிசு பண்ணினதும் கேட்கிறது. அதை எப்படி அம்மாவிடம் சொல்வது? கீழே சட்டி அடித்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். நான் சட்டென்று ஒரு அடி உள்ளே நகர்ந்தேன்.