ஓர் அட்டையும் மூவர் தேவையும்

பல்திறன் வாய்ந்தது என்னும் அடைமொழியை விற்பனையாளர் எளிதில் வழங்கிவிடுவர். ஆயின் பல்திறன் என்பது ஒரு பொருளின் தனிப்பண்பன்று. பயன்படுத்துவோரின் தேவைகளோடு வைத்து நோக்கும்போதே அது பொருள் பெறுகின்றது. 2023ஆம் ஆண்டில் எமது வீட்டுக் கணினிக்கு வரைவியல் அட்டை ஒன்றைத் தெரிவுசெய்ய முற்பட்டபோது இதனை நான் நன்குணர்ந்தேன்.

எமது இல்லத்தில் உள்ள கணினி ஒன்றே. பழைய தமிழ் அச்சுப் பக்கங்களின் எழுத்துக்களை இயந்திரக் கற்றல் வழியாக இனங்காணும் முயற்சி என்னுடையது. கட்டடக்கலை பயிலும் தங்கை முப்பரிமாண மாதிரியுருக்களை அமைப்பவள். தம்பிக்கோ விளையாட்டு. 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்ததனால் இறக்குமதிப் பொருள்களின் விலை பெரிதும் ஏறியிருந்தது. ஒருமுறை வாங்கியபின் மறுமுறை வாங்கும் வசதி எமக்கில்லை.

இயந்திரக் கற்றலுக்கான மென்பொருள்களிற் பல, என்விடியா நிறுவனம் 2006இல் அறிமுகஞ் செய்த கூடா என்னும் அமைப்பைச் சார்ந்து வளர்ந்தவை. ஆதலின் அந்நிறுவனத்தின் இரு அட்டைகளே ஈற்றில் எஞ்சின. 2020 டிசெம்பரில் 399 டொலர் விலையுடன் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 3060 ரி.ஐ. ஒன்று, 2021 பெப்ருவரியில் 329 டொலர் விலையுடன் வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 3060 மற்றையது. விளையாட்டில் முன்னதே விரைவானது. எனினும் அதன் நினைவகம் 8 கிகாபைற்று. பின்னதன் நினைவகமோ 12 கிகாபைற்று.

தம்பி முன்னதையே விரும்பினான். அவனது வாதம் பிழையானதன்று. ஆனால் வேகக் குறைவும் நினைவகக் குறைவும் ஒரே வகையான குறைகள் அல்ல. வேகம் குறைந்தால் வேலை தாமதிக்கும். நினைவகம் போதாவிடின் வேலை நடைபெறாமலே நின்றுவிடவுங் கூடும். கணினியின் பொது நினைவகத்தைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். அட்டையோடு பற்றாசு வைத்து இணைக்கப்பட்ட நினைவகத்தை அவ்வாறு கூட்டல் இயலாது.

மின்வலுவும் கருதற்குரியது. தாய்ப்பலகையின் பொருத்துவாய் 75 வாற்று வரையே வழங்கும். எஞ்சியதை மின்வழங்கியிலிருந்து வரும் தனிவடம் தரவேண்டும். 3060இன் தேவை 170 வாற்று. மற்றையதன் தேவை 200 வாற்று. அவற்றுக்கென நிறுவனம் பரிந்துரைக்கும் மின்வழங்கிகள் முறையே 550, 600 வாற்று வலுவுடையவை. எம்மிடம் இருந்ததோ 550 வாற்று மின்வழங்கி. எனவே விரைவான அட்டையை வாங்கின் அதனையும் மாற்ற நேர்ந்திருக்கும்.

3060ஐயே வாங்கினோம். தங்கையின் பெரிய மாதிரியுருக்கள் அதில் அடங்குகின்றன. எனது பயிற்சிகளும் இடைநிற்பதில்லை. தம்பி காட்சிநுட்பத்தைச் சற்றுக் குறைத்து விளையாடுகிறான். அவன் இழந்தது சிறிதளவு அழகு. மற்றைய அட்டையை வாங்கியிருப்பின் நாம் இருவரும் இழக்கக்கூடியது எமது வேலையையே. பலர்க்கும் பொதுவான ஒன்றைத் தெரியும்போது, யாருக்கு மிகச் சிறந்தது என்பதிலும், யாருடைய வேலை முற்றாக நின்றுபோகும் என்பதனையே முதலில் வினவுதல் தகும்.