லால்பஜாரின் கிடார் வைத்தியர்கள்

கொல்கத்தாவில் ‘லால்பஜாருக்குப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், ‘என்ன கேஸ்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். நகரக் காவல்துறையின் தலைமையகம் இருக்கும் இடம் அது. ஆனால் முதுகில் கிடார் பையோடு போகிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் எதற்குப் போகிறார் என்று ஊருக்கே தெரியும்.

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு அம்மாவும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் அப்படித்தான் கிளம்பினார்கள். வீடு தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம். வாழையிலையும் முருங்கைக்காயும் காபிப் பொடியும் கிடைக்கும், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசிக்கும் பகுதி. காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினார்கள். அங்கிருந்து பி.பி. கங்குலி தெரு வழியாக மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் லால்பஜார் நாற்சந்தி. வலப்பக்கம் திரும்பினால் ரவீந்திர சரணி.

பழைய பெயர் சித்பூர் ரோடு. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் பாதை. காளிகாட் கோயிலுக்கு யாத்ரீகர்கள் நடந்த வழி இது என்பார்கள். இதே சாலையில் இன்னும் வடக்கே போனால் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு வரும். அதனால்தான் அவர் பெயர். நாற்சந்தியை ஒட்டிய தொடக்கப் பகுதி முழுக்க இசைக்கருவிக் கடைகள். ஹார்மோனியம், தபேலா, சிதார், எஸ்ராஜ், வயலின், மாண்டலின், எல்லாவற்றுக்கும் மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கும் கிடார்கள். வாழைத்தார் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், காய்க்குப் பதில் கிடார்!

இந்தியாவில் ஆரம்பப் பாடத்துக்கு வாங்கப்படும் மலிவு விலை கிடார்களில் கொல்கத்தா சரக்கு ஏராளம். கிவ்சன், ஹோப்னர் எல்லாம் இந்த ஊர்த் தயாரிப்புகளே. உலகப் புகழ் பெற்ற அமெரிக்கப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் கிவ்சன் வரும். அதில் விரல் தேய்ந்து கற்றுக்கொண்டவர்கள் தமிழ்நாட்டிலும் நிறைய உண்டு.

வங்காளத்துக்கும் கிடாருக்குமான உறவு பழையது. 1940-களில் ஹவாய் தீவைச் சேர்ந்த டாவ் மோ என்ற கலைஞர் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றுக்கொடுத்தார். மடியில் கிடத்தி, கம்பியின் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஹவாயன் கிடார் வங்காள வீடுகளுக்குள் புகுந்தது. அதில் ரவீந்திர சங்கீதம் வாசிப்பது நடுத்தரக் குடும்பங்களின் மாலைப்பொழுதானது. பிறகு 1992-ல் கபீர் சுமனின் ‘தோமாகே சாய்’ பாடல் தொகுப்பு வந்தது. ஒற்றை ஆள், ஒரு கிடார், தன் ஊரைப் பற்றிய பாட்டு என்று ஒரு தலைமுறையே கிளம்பிவிட்டது. அந்தக் கிடார்களில் பாதி இன்று அலமாரிகளின் மேலே தூசி படிந்து கிடக்கும். மீதி பாதி என்றாவது ஒருநாள் லால்பஜாருக்கு வந்து சேரும்.

மகளின் முதுகில் இருந்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அவளுடைய மாமாவின் கிடார். அவர் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அவர் இப்போது இல்லை. இரண்டு வருடங்களாக அது அவள் கையில். இன்னும் மூன்று வாரத்தில் பள்ளியில் சரஸ்வதி பூஜை விழா, அதில் அவள் வாசிக்க வேண்டும். நம் ஊர் ஆயுத பூஜைபோல, வங்காளத்தில் புத்தகத்தையும் இசைக்கருவியையும் சரஸ்வதியின் காலடியில் வைக்கும் நாள் அது.

பத்து நாள் முன்பு, நடுராத்திரியில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். குக்கர் வெடித்ததோ என்று ஓடினால், மூலையில் சாய்த்து வைத்த கிடாரின் பிரிட்ஜ் பெயர்ந்து கம்பிகளில் தொங்குகிறது. கிடார் உடம்பில் கம்பிகளைக் கட்டியிருக்கும் அந்த மரக்கட்டைக்குத்தான் பிரிட்ஜ் என்று பெயர். அப்பா சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினார். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மறுபடி டமார். இந்த முறை மேல்பலகையிலிருந்து சிராய்களையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

அம்மாவின் கைப்பையில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய். புதுக் கிடார் வாங்க அது போதாது என்று முதல் கடையிலேயே தெரிந்துவிட்டது. ‘பழசைப் போட்டுவிட்டு, கூடக் கொஞ்சம் போட்டு இதை எடுங்கள் தீதி’ என்று பளபளக்கும் கறுப்புக் கிடார் ஒன்றை இறக்கி வைத்தார் கடைக்காரர். மகள் அதைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத கறுப்பு. ‘வேண்டாம்மா, போகலாம்’ என்று அவளே கிளம்பினாள்.

ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணாடிக் கடைகளில் உட்கார்வதில்லை. கடைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், மூன்றடி அகலச் சந்தில் இருப்பார்கள். இந்தப் பட்டறையும் அப்படித்தான். வாசலில் நின்று ‘தாதா!’ என்று கூப்பிட வேண்டும். தமிழில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். அங்கே அது அண்ணன்!

அறுபது வயது தாண்டிய மனிதர், மூக்கின் நுனியில் கண்ணாடி. கிடாரை வாங்கினார். பிய்ந்த பிரிட்ஜை அவர் பார்க்கவே இல்லை. கிடாரின் கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல நீளவாக்கில் பார்த்தார். அந்த அரை நிமிடம் அம்மாவும் மகளும் மூச்சுவிடவில்லை.

அவர் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்ஜ் பெயர்ந்தால் ஒட்டலாம். தலைப்பகுதி ஒடிந்தாலும், உடைவு சுத்தமாக நீளவாக்கில் இருந்தால், ஒட்டிய இடம் பழைய மரத்தைவிடக் கெட்டியாகவே நிற்கும். பக்கப் பலகையில் கீறல் விட்டால், சத்தம் கெடாதவரை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டால் கதை வேறு. விலையுயர்ந்த கிடார் என்றால் கழற்றி நிமிர்த்துவார்கள். ஒட்டுப்பலகையில் செய்த மலிவு கிடாருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. அதற்குப் புதுசே வாங்கிவிடலாம். ஆக, செலவு செய்யலாமா கூடாதா என்பதைச் சொல்வது கழுத்துதான், உடைந்த இடம் இல்லை. இதைத் தெரியாமல் உடைந்த இடத்தையே பார்த்துப் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

‘கொஞ்சம் வளைந்திருக்கிறது. முறுக்கவில்லை’ என்றார் இந்தியில். பிறகுதான் கம்பியைச் சுண்டினார். முகம் மாறியது.

‘இரும்புக் கம்பியை யார் மாட்டியது?’

மகள் தலைகுனிந்தாள். சத்தம் பெரிதாக வர வேண்டும் என்று தோழி சொன்னாளாம்.

எல்லாக் கிடாரும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மாமாவின் கிடார் நைலான் கம்பிக்காகச் செய்யப்பட்டது. அகலமான கழுத்தும், கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டும் பிரிட்ஜும் அதன் அடையாளம். ஆறு நைலான் கம்பிகள் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோ. இரும்புக் கம்பி என்றால் 70 கிலோ அளவுக்குப் போகும். ஒரு பெரிய ஆள் பிரிட்ஜைப் பிடித்து இரவும் பகலும் தொங்குவதற்குச் சமம். உள்ளே மெல்லிய மரச்சட்டங்கள் தாங்கும்வரை தாங்கும். மழைக்காலத்தில் ஊறி உப்பி, பனிக்காலத்தில் காய்ந்து சுருங்கும் கொல்கத்தாவின் காற்று மீதி வேலையை முடித்துவிடும்.

சூப்பர் க்ளூவைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் கோபம். அது கண்ணாடிபோல இறுகி, அதிர்ச்சியில் நொறுங்கும். மரத்தின் துளைகளையும் அடைத்துவிடுவதால், அதைச் சுரண்டி எடுக்காமல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. ‘உடைந்தால் எதுவும் போடாமல் கொண்டு வாருங்கள். சிராய்களையும் பொட்டலம் கட்டிக் கொண்டு வாருங்கள்’ என்றார். வீட்டில் பழைய கிடார் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு வரியை எழுதி ஒட்டி வைக்கலாம்.

நல்லவேளை, அம்மா சிராய்களைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

கணக்கு வந்தது. பிரிட்ஜை ஒட்டுவது, உள்ளே விட்டுப்போன ஒரு சட்டத்தை ஒட்டுவது, நைலான் கம்பி ஒரு செட், எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். பலகையில் கீறல் மறைய பாலிஷ் போட்டால் தனியாக 600. சரியாக இரண்டாயிரம்! அம்மா பையைத் திறக்கும்போது அவரே தடுத்தார். ‘பாலிஷ் வேண்டாம் தீதி. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காசில் கனமான பை ஒன்று வாங்குங்கள்.’ வியாபாரம் தெரியாத மனிதர் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சிரித்தார்.

அன்றே தருவாரா என்று கேட்டதற்கு, ஒரு வாரம் என்றார். மூடிய அறையில் கத்தியைச் சூடாக்கிப் பழைய பசையை இளக்க வேண்டும். சிராய்களைத் தன் தன் இடத்தில் பதிக்க வேண்டும். நம் ஊர் ஆசாரிகள் வஜ்ஜிரம் என்று சொல்லும் அதே மிருகப் பசையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சித் தடவி, ஒலித்துளை வழியாக நீளமான கிளாம்ப் விட்டு இறுக்க வேண்டும். ஒரு முழுநாள் அசைக்கக் கூடாது. கம்பி மாட்டிய பிறகும் சுருதியை ஒரேயடியாக ஏற்றாமல், இரண்டு மூன்று நாளில் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும்.

வெளியே வந்தபோது பசி. பக்கத்தில் டிரெட்டி பஜாரில், போத்தார் கோர்ட் கட்டடத்தின் பின்னால், சீனக் குடும்பங்கள் ஆவியில் வெந்த பாவ், மோமோ விற்கும் காலைச் சந்தை உண்டு. விடியற்காலையில் தொடங்கி எட்டு, எட்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். இவர்கள் போனபோது பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். லால்பஜார் போகிறவர்கள் கடை திறப்பதற்கு முன்பே வந்து சாப்பிட்டுவிடுவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலான இசைக் கடைகள் மூடியிருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை மகள் அப்பாவோடு போனாள். மேல்பலகையில் கீறல் அப்படியே இருந்தது, பிரிட்ஜைச் சுற்றி மெல்லிய வெளுத்த கோடு வேறு. அப்பாவின் முகம் சுருங்கியது. தாதா ஒரு கம்பியைச் சுண்டிவிட்டுக் கிடாரை அவள் மடியில் வைத்தார். அவள் வாசிக்கத் தொடங்கியதும் பக்கத்துப் பட்டறையில் ஹார்மோனியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். ‘அந்த மூணாவது கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு பார்’ என்றார்.

‘புதுக் கம்பி. நாளைக்கும் இறங்கும்’ என்றார் தாதா. ‘பழகுகிற வரைக்கும் தினமும் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.’