புளியமரங்கள் இருந்த சாலை

செப்டம்பர் 17 அன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்து வேகம் எடுக்காது. வன்னியர் சங்கத்தின் அக்னி கலசம் போட்ட மஞ்சள் கொடிகளோடு வேன்கள் முன்னும் பின்னும் ஊர்ந்துகொண்டிருக்கும். பாப்பனப்பட்டு, சித்தணி என நினைவுத்தூண் நிற்கும் இடங்களில் மாலையும் முழக்கமும். எதிரே போலீஸ் வண்டி.

ஜன்னலோரம் ஒரு பெரியவர். அறுபது இருக்கும். மஞ்சள் துண்டு, மடியில் வாழையிலையில் சுற்றிய சாமந்தி மாலை. பக்கத்தில் விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை வாசலில் ஸ்கேன் கவரோடு ஏறிய பெண்மணிக்கு அவர்களுக்கு முந்தின இருக்கை கிடைத்தது. நான் பின்னால் இருந்தேன்.

வண்டி மறுபடி நின்றபோது, இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் பொறுமை இழந்தார்.

"ரோட்ல ஒரு மரம் விடாம வெட்டித் தள்ளுனவங்களுக்கு அரசாங்கமே மணிமண்டபம் கட்டியிருக்கு. ஆபீஸ் போறவன் நேரத்துக்குப் போவ முடியல."

பெரியவர் திரும்பினார். "வெட்டுனேன். நான்தான் வெட்டுனேன். விக்கிரவாண்டி தாண்டி ரெண்டு புளியமரம். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. அந்த மரத்துக்கு எம்மேல கேஸ் போட்டாங்க, கோர்ட்டுக்கு அலைஞ்சேன். சரி. என் சிநேகிதனை ஏன் சுட்டாங்க? அதைச் சொல்லுங்க சார்."

1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் வன்னியர் சங்கம் நடத்திய சாலை மறியல் அது. மாநிலத்தில் 20 விழுக்காடு, மத்தியில் 2 விழுக்காடு தனி இடஒதுக்கீடு என்பது கோரிக்கை. முதல்வர் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். சென்னைக்கும் தெற்குக்கும் நடுவே சாலை அறுந்து கிடந்தது. உயிரிழந்தவர்கள் 21 பேர், பெரும்பாலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில். 1989இல் கலைஞர் ஆட்சி மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்.பி.சி.) என்று தனிப் பிரிவு கண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளை அதில் சேர்த்து 20 விழுக்காடு கொடுத்தது. விழுப்புரம் வழுதரெட்டியில் அந்த 21 பேருக்கான மணிமண்டபம் 2025 ஜனவரியில்தான் திறந்தது.

"சுடறதுக்கு முன்னாடி எச்சரிக்கை கொடுத்தாங்களா ஐயா?" என்று மாணவன் கேட்டான். "கொடுக்கணும்னு விதி இருக்கு. இடுப்புக்குக் கீழதான் சுடணும்."

"ஓடிக்கிட்டிருந்தேன் தம்பி. எங்காதுல எதுவும் விழல. திரும்பிப் பாத்தா அவன் கவுந்து கெடக்கறான். அப்புறம் பத்து நாளு சவுக்குத் தோப்புலயும் கரும்புலயும்தான் படுத்தோம். ராத்திரி ஊருக்குள்ள பூந்து பொம்பளைங்களையும் அடிச்சாங்க. மண்டபத்துல இருபத்தோரு பேரு சிலை இருக்கு. சுடச் சொன்னவன் பேரு எந்தக் கல்லுல இருக்கு?"

சட்டைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தச் சாலையில் பலரிடம் கேட்டிருக்கிறேன். 87 என்றதும் எல்லார் நினைவிலும் முதலில் வருவது புளியமரங்கள். தப்பிய மரங்களை நான்குவழிச் சாலை போட்டவர்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பேச ஆளில்லை. செத்தவர்கள் மரங்களுக்கு அப்புறம்தான் வருகிறார்கள். மரம் வெட்டியவனை நிறுத்த வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கே போவதற்குள் அவனைப் பிணமாக்கியதை எந்தக் கணக்கிலும் நியாயமாக்க முடியாது. அந்த வாரத்தில் எரிந்த தலித் குடிசைகளோ பேச்சிலேயே வருவதில்லை.

அன்று வந்தது. முன் இருக்கைப் பெண்மணி கவரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பெரியவரே, உங்க சிநேகிதன் செத்தது பாவந்தான். நான் இல்லங்கல. அதே வாரம் எங்க காலனி எரிஞ்சுதே, அதுக்கு இன்னா சொல்றீங்க? எனக்கு எட்டு வயசு. எங்காயா நெல்லு மூட்டையைத்தான் இழுத்துச்சு, என்னை இழுக்கல. நானா ஓடியாந்தேன். ரோட்டை மறிக்கறவங்களுக்கு எங்க கூரை இன்னா பண்ணுச்சு?"

பேருந்தில் பேச்சு அடங்கியது. நடத்துநர் டிக்கெட் கட்டை விரலில் சுழற்றியபடி, பேச்சை வேறு பக்கம் தள்ளப் பார்த்தார். "2013லயும் பட்டோம்மா. பஸ்ஸுங்க எரிஞ்சுது, டிரைவருக்கு மண்டை ஒடஞ்சுது. ராத்திரி சர்வீஸையே நிறுத்துனாங்க."

"அதுவும் எங்க தெருவுலேர்ந்துதான் ஆரம்பம்" என்றார் பெண்மணி. "மரக்காணத்துலதான் என்னைக் குடுத்தாங்க. மாமல்லபுரத்துல உங்க சங்க மாநாட்டுக்குப் போன வண்டிங்க. மறுபடியும் தீ."

"எங்க பக்கம் ரெண்டு பசங்க செத்தாங்கம்மா அன்னிக்கு" என்றார் பெரியவர். குரல் உயர்ந்தது. "நீதி விசாரணை வையின்னு விழுப்புரத்துல கேக்க வந்த எங்க சங்கத்து டாக்டர் ராமதாஸ் ஐயாவைக் கைது பண்ணி திருச்சி ஜெயில்ல போட்டாங்க. எழுபத்து மூணு வயசு. பசங்களை அள்ளி அள்ளிக் குண்டாஸ் போட்டாங்க. இது நாயமா?"

"விசாரணை நாங்களும்தான் கேட்டோம். கேட்டவரை ஜெயில்ல போட்டது தப்புதான். ஆனா எங்க வூட்டை எரிச்சவங்க யாருன்னு நீங்க ஒருநாளாவது கேட்டீங்களா?"

இரண்டு பேரும் விசாரணைதான் கேட்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பக்கத்து இழப்பு முதலில் விசாரிக்கப்பட வேண்டும் என்பதில்தான் சண்டை. அந்த முன்பின்னை ஒழித்து, சுட்டவரையும் கொளுத்தியவரையும் ஒரே தராசில் நிறுத்துவது ஓர் அரசாங்கத்தின் வேலை. பிறகு கட்டப்படும் எந்த மண்டபமும் அந்த வேலைக்கு ஈடாகாது.

மாணவன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். "ஐயா, 87ல உங்க ஊர்ல... நீங்க கொளுத்தப் போனீங்களா?"

பெரியவர் மாலையின் நார் முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, மாணவனிடம் சொல்லாமல் அந்தப் பெண்மணியிடம் சொன்னார்.

"நான் போவல. போனவனுங்களைத் தெரியும். தடுக்கல."

"எங்ககிட்ட இதைச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார் அவர். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, வேறு ஏதும் சொல்லவில்லை.

சித்தணியில் பெரியவர் இறங்கினார். இறங்க வழிவிட்டு அந்தப் பெண்மணி கால்களை ஒதுக்கிக்கொண்டார். கூட்டேரிப்பட்டு வரும்போது மாணவன் முன் இருக்கைக்கு மாறி, நோட்டை விரித்திருந்தான்.

"நான் எம்.பி.சி. கோட்டாவுலதான் சீட் வாங்குனேன்கா" என்றான். "அவங்க செத்ததாலதான் எனக்குப் படிப்பு. அதை மறக்க மாட்டேன். உங்க ஊர்ல நடந்ததையும் எழுதி வெச்சுக்கறேன். உங்க பேரு..."

"பேரு வேணாம் தம்பி. நாளைக்கு அங்கதான் இருக்கணும். தேதி போட்டுக்க. ஏப்ரல் 25, 2013."

எழுதினான். திண்டிவனத்தில் இறங்கும்போது, மரக்காணம் வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று அவனிடமே கேட்டுக்கொண்டு போனார்.