கற்றுக்கொள்ள வந்த பெண்

ஆஸ்பத்திரியில் "ஸ்டூடண்ட் வந்து பார்ப்பாங்க" என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடும். ஆக்குபேஷனல் தெரபி என்பது, நோயாளி தானே சாப்பிட, உடுத்த, குளிக்கப் பழக்கும் சிகிச்சை. அதைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது. 1952-ல் இந்தியாவும் சேர்ந்து தொடங்கிய இத்துறையின் உலக சம்மேளனம், மாணவர்கள் குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை பழக வேண்டும் என்கிறது.

பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துபோன என் மாமியாருக்கு வந்தவள் அப்படி ஒரு மாணவிதான். "இந்தச் சின்னப் பொண்ணா?" என்றார் நாத்தனார்.

அவளோ கையைத் தொடுமுன், "பாட்டி, நீங்களே செய்யணும்னு எதுக்கு ரொம்ப ஆசை?" என்று கேட்டாள்.

"என் கையால சாப்பிடணும்மா" என்றார் மாமியார், கண் கலங்க.

ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினாள். தட்டு நகராமல் அடியில் ஈரத்துணி விரித்தாள். ரவிக்கை போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது கடைசியில் எடுக்கணும் என்று எனக்கும் சொல்லித் தந்தாள். சீனியர் அம்மா பக்கத்திலேயே நின்றார். பாட்டியை எழுப்ப அவள் அந்தக் கையைப் பிடித்தபோது மட்டும், "கையை இழுக்காதே, தோள் பிசகிடும்" என்று தடுத்தார்.

மூன்றாம் வாரம் மாமியார் தயிர்சாதத்தைத் தானே வாயில் வைத்தார். பாதி சிந்தியது. ஆனாலும் அன்று வயிறும் மனசும் நிறைந்தது அவருக்கு.

சகோதரிகளே, மாணவி வந்தால் "மேற்பார்வை யார்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. பொறுப்பான ஒருவர் கூட இருந்தால் தயங்காமல் சம்மதியுங்கள். நம்மிடம் பழகிய கை, நாளை இன்னொரு வீட்டுப் பாட்டிக்கு உதவும்.